இரண்டாவது பிரேக்

கோபம் வந்தால் கையை மடக்கி எதையாவது குத்தத் தோன்றும் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. காலை வேளையில் என் விரல்கள் மடங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாலும் பாதி வழியில் நின்றுவிடும். கோபம் மட்டும் முழுசாக இருக்கும்.

எனக்கு லூபஸ். பெயரைக் கேட்டதும் தொத்துமா என்பார்கள். கேட்டுக்கொண்டே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார்கள். தொத்தாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, அந்த உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. மூட்டு, தோல், சிறுநீரகம் என்று அதற்குப் பாரபட்சம் கிடையாது. வேலியே பயிரை மேய்ந்தது போல என்று பேச்சுக்குச் சொல்வோம் இல்லையா, என் ரத்தத்தில் அது தினப்படி நடக்கிறது.

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். முன் கண்ணாடி வழியே வெயில் முகத்தில் விழுந்தால் போதும், மூக்கின் மேல் தொடங்கி இரண்டு கன்னத்துக்கும் சிவப்பு படரும். சாயங்காலம் காய்ச்சல் வந்துவிடும். அதனால் வானம் மூடியிருக்கும் நாட்களில்தான் ரோட்டுக்குப் போவேன். மற்ற நாட்களில் உள்ளே உட்கார்ந்து சாலை விதி வகுப்பு. முதலாளி எனக்கு மேகம் மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார். "என்ன மேகம் மேடம், இன்னிக்கு வானத்துக்கிட்ட அனுமதி வாங்கியாச்சா?" என்பார். ஊரே சிரிக்கும். நானும் சிரிப்பேன், சம்பளம் தருகிறவர்.

எங்கள் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக். கற்றுக்கொள்பவர் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் இருக்கும் என் காலடியில் ஒன்று. ஸ்டியரிங் அவர் கையில் இருந்தாலும் நான் மிதித்தால் வண்டி நிற்கும். என் வாழ்க்கையில் அந்த இரண்டாவது பிரேக் அக்காவின் காலடியில் இருந்தது.

அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். முன் அறை அவளுடைய பியூட்டி பார்லர், பின்னால்தான் குடித்தனம். என் முகம் முதன்முதலாகச் சிவந்தபோது, அவளிடம் வந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த கிரீம் போட்டதாலயா இப்படி ஆச்சு?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கே அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பூச ஆரம்பித்தாள். சிவப்பின் மேல் முதலில் பச்சைச் சாயல் கிரீம், அதன் மேல் தோல் நிறம், அதற்கும் மேல் பவுடர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தை அவளுக்குக் கைவந்த கலை. கண்ணாடியில் பார்த்தால் காய்ச்சலே கண்டிராதவள் போல இருப்பேன்.

கடையோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டரிடம் போகும்போதும் பூசினாள். "டாக்டரைப் பார்க்கப் போறப்ப மனுஷி மாதிரி போகணும்டி. அழுது வடிஞ்சுக்கிட்டுப் போனா மதிக்கவே மாட்டாங்க." மதித்தார்கள், நன்றாகவே மதித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "முகத்துல ஒரு களைப்புகூட இல்லையேம்மா, கொஞ்சம் மனசை ரிலாக்ஸா வச்சுக்குங்க" என்றார். இன்னொருவர் தூங்க மாத்திரை எழுதினார். சிறுநீரில் நுரை வந்து கால் வீங்கிய பிறகுதான் ஒருத்தர் சரியான ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதற்குள் சிறுநீரகத்தில் ஒரு பங்கு போய்விட்டது. போனது திரும்பாது.

ஸ்டீராய்டு மாத்திரை, இந்த நோய்க்கும் கொடுக்கும் மலேரியா மாத்திரை, மாதாமாதம் நரம்பு வழியே ஏற்றும் மருந்து, எல்லாம் பார்த்தாயிற்று. அடங்கும், பிறகு சீறும். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அதை நடத்தும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"உங்க ரத்தத்துல இருந்து ஒரு வகை வெள்ளணுவை எடுப்போம். ஆய்வகத்துல அதை மாத்தி, பெருக்கி, திரும்ப உங்களுக்கே ஏத்துவோம். உங்க உடம்பைத் தப்பாக் காட்டிக்கொடுக்கிற பி செல்னு இன்னொரு வகை வெள்ளணுவை அது தேடித் தேடி அழிக்கும். புதுசா முளைக்கிற செல்களுக்கு அந்தப் பழைய பகை ஞாபகம் இருக்காதுன்னு எதிர்பார்க்கிறோம்."

"வேலியைப் பிடுங்கி எறிஞ்சிட்டுப் புதுசா நடுறீங்க."

"அதேதான். ஆனா நடுவுல வேலியே இல்லாத நாளும் இருக்கும். அப்ப சாதாரண சளிகூட ஆபத்து. இதை எடுத்துக்கிட்ட சில பேர் மாத்திரையே இல்லாம இருக்காங்க. எவ்வளவு காலம் தாங்கும்னு எங்களுக்கே தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டதே எனக்குப் பாதி வைத்தியம். நிபந்தனை இரண்டு. தேர்வு செய்யும் நாளில் நோய் வெளிப்படையாக இருக்க வேண்டும். அதுவரை மாத்திரை அளவு கூடவோ குறையவோ கூடாது. இருந்தது ஒரே ஒரு இடம். அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

தேர்வு நாள் காலை. விரல் மடங்காததால் மாத்திரை அட்டையை என்னால் அழுத்திப் பிதுக்க முடியாது. அக்காதான் பிதுக்கி ஒரு டப்பா மூடியில் போட்டுத் தருவாள். அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். அன்றும் அப்படித்தான். பிறகு பார்லர் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்க்கா. அவங்க முகத்தைப் பார்க்கணும்."

"லேசாத்தான்டி. ஆஸ்பத்திரி வாசல்ல பத்துப் பேர் பார்ப்பான். உள்ள போய்த் துடைச்சுக்கோ."

விவாதம் செய்ய நேரமில்லை. போனோம். லிஃப்டில் கூட்டம், படியேறினேன். மேல் படியில் நின்றபோதுதான் உறைத்தது: மூச்சு வாங்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க உடம்பு லேசாகத்தான் இருந்தது. ஏதோ நல்ல வாரம் என்று விட்டிருந்தேன். கையைப் பார்த்தேன். மடக்கினேன். மடங்கியது. கட்டைவிரல் மேலே வந்து உட்கார, முழு முஷ்டி. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

அறையில் ஆய்வு நர்ஸ் என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

ஒவ்வொரு இல்லைக்கும் கதவு ஒரு விரற்கடை சாத்திக்கொண்டு வந்தது. பக்கத்தில் அக்கா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "பாருங்க சிஸ்டர், எவ்வளவு தெம்பா இருக்கா! நல்லா தாங்குவா. நீங்க தைரியமா எடுத்துக்கலாம்." பெண்ணுக்கு வேலை கேட்டு வந்தவள் மாதிரி பேசினாள்.

நர்ஸ் பஞ்சை நனைத்து என் கன்னத்தைத் துடைத்தார். பச்சை வந்தது, பழுப்பு வந்தது, அதற்கடியில் சிவப்பு வந்தது. "அம்மாடி! இதையா மூடி வச்சிருந்தீங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூட்டுல ஒண்ணும் இல்லன்னாலும் இந்தத் தோலும் சிறுநீர் ரிப்போர்ட்டும் சேர்ந்தா அநேகமாப் போதும். மாத்திரை அளவு எதுவும் மாறலையே?" என்று கேட்டார்.

"மாறல" என்றாள் அக்கா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

அந்த அவசரம்தான் காட்டிக்கொடுத்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

"எத்தனை போட்டே?"

"என்னடி, இங்க போய்..."

"மூடியில எத்தனை போட்டேன்னு கேட்டேன்."

"ஸ்டீராய்டு மட்டும் கொஞ்சம் கூட. இந்த வாரம் மட்டும்தான்டி. ரொம்ப முடியாத கேஸை எடுக்க மாட்டாங்கன்னு பார்லருக்கு வந்த ஒருத்தி சொன்னா. நீ நொண்டிக்கிட்டு வந்து நின்னா யாரு எடுப்பா? முதல் பார்வையிலதான் எல்லாமே இருக்கு. என் தொழில்ல நான் பார்க்காததா?"

சும்மா இருந்திருந்தால் இடம் எனக்குத்தான். நர்ஸ் காதில் விழுந்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. அவர் பஞ்சைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா சும்மா சொல்றா" என்று நான் சிரித்திருக்கலாம். என் கன்னம் எரிந்தது. இத்தனை வருடம் அக்கா என் மேல் பூசினாள். இப்போது அந்த ஆராய்ச்சியின் மேல் என் கையாலேயே பூச வேண்டும்.

"மாறியிருக்கு சிஸ்டர். இந்த வாரம் ஸ்டீராய்டு கூடப் போயிருக்கு. எழுதிக்குங்க."

டாக்டரம்மா வந்தார். கேட்டார். திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. "சொல்லாம விட்டிருந்தா எங்க செல் வேலை செஞ்சுதா, உங்க மாத்திரை வேலை செஞ்சுதான்னு தெரியாமலே போயிருக்கும். பழைய அளவுக்கு வாங்க. சில வாரம் அப்படியே இருங்க. மறுபடி பார்க்கலாம். ஆனா இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாதும்மா."

வெளித் தாழ்வாரத்தில் நான் கத்தினேன். "உன் கடைக்கு நான் என்ன விளம்பரப் பலகையா? நான் செத்தாலும் பவுடர் போட்டுத்தான் படுக்க வைப்பியா?"

"போடுவேன்டி! உன்னை எவளும் மூக்கைச் சுளிச்சுக்கிட்டுப் பார்க்கக் கூடாதுன்னு போடுவேன். உனக்கு என்ன தெரியும்? நீ தூங்கினதுக்கு அப்புறம் மூச்சு வருதான்னு வந்து வந்து பார்க்கிறவ நானு."

"பார்க்கிறது நீ. வலிக்கிறது எனக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும். துடைத்த கன்னம் பாதி, துடைக்காத கன்னம் பாதியோடு படியிறங்கினேன். அவள் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். குடையின் கீழே நான் போகவில்லை. பிறகு வெயில் சுட்டதும் போனேன். கோபத்துக்கு எதற்குக் காய்ச்சல் விலை?

அதன் பிறகு மாத்திரை அட்டையை நானே வைத்துக்கொண்டேன். கார் சாவி முனையால் அலுமினியத்தைக் கீறி எடுப்பேன். சில நாள் மாத்திரை உடைந்து வரும், தூளையும் நக்கிக்கொள்வேன். அளவு இறங்கியதும் நோய் தன் இடத்துக்கு வந்தது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், கடைசியில் விரல்கள். ஒரு நாள் காலையில் முஷ்டி பாதியில் நின்றது. வலியில் கண்ணீர் வந்தது. கூடவே ஒரு கேடுகெட்ட சந்தோஷமும். நோயாளி நோய்க்காகக் காத்துக் கிடக்கும்படி வைத்துவிட்டாளே என்று கோபமும்.

அக்காவும் நானும் தேவைக்கு மட்டும் பேசினோம். "சாதம் இருக்கு." "சரி." முதலாளி கேட்டார், "என்ன மேகம் மேடம், மேக்கப்பு இல்லாம வந்திருக்கீங்க?" "வியாதி சார். பார்த்துக்குங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. தேர்வான இன்னொருவர் விலகிவிட்டாராம். இடம் திறந்திருக்கிறது, சோதனைக்கு வாருங்கள் என்றார்கள்.

கிளம்பும்போது அக்கா பார்லர் நாற்காலியின் பின்னால் நின்றிருந்தாள். கை பழக்கத்தில் கிரீம் டப்பாவைத் தொட்டது. நான் அந்தக் கையையே பார்த்தேன். அவள் டப்பாவை விட்டுவிட்டுக் குடையை எடுத்தாள். லிஃப்டுக்காக நின்றோம், எதிரே நின்ற ஒருத்தி என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா பல்லைக் கடித்தாள்.

"நீ வெளிய இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதே நர்ஸ். அதே மடி. கையை எடுத்து வைத்து முதல் கணுவை அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது!" என்றேன். தாழ்வாரத்தில் இருக்கிறவளுக்கும் கேட்கிற மாதிரி, வயிற்றின் அடியிலிருந்து. நர்ஸ் ஒரு கணம் திடுக்கிட்டு, எழுதிக்கொண்டார்.

அடுத்த விரலை நீட்டினேன்.