பீரங்கி இருந்த குழி

முப்பத்தொரு வருடமாக வெல்டிங் செய்கிறேன். என் ஒட்டில் ஊசித் துவாரம் இருப்பதாக எந்த எக்ஸ்ரேயும் சொன்னதில்லை. கடைசியில் ஒன்று என்னைப் பிடித்துக் கொடுத்தது. பிடிபட்டது துவாரம் அல்ல, அந்தோனியார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோர்மன் ஆன்ட்ரியாஸ் எங்கள் எல்லோரையும் கப்பலிலிருந்து இறக்கினான். அவனுடைய கணினித் திரையில் என் வெல்டின் படம். ஒட்டு வடிவாக, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், இரண்டு தகடுகள் சந்திக்கும் மூலையில், பெருவிரல் நகம் அளவில் ஒரு வெள்ளை வட்டம்.

“இது என்ன?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாசமாய்ப் போன வாய், தேவையில்லாத இடத்தில் எல்லாம் திறக்கும்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருடத்துக்கு முந்திய போர்க்கப்பல். சண்டைக்கு இனி உதவாது என்று கடற்படை ஒதுக்கி வைத்திருந்தது. இப்போது காலம் கெட்டுக் கிடக்கிறதே, கிடக்கிற இரும்பை எல்லாம் தூசி தட்டி எடுக்கிறார்கள். பீரங்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கிரேன். குண்டுகள் அடுக்கியிருந்த அறையில் சாமான்கள். கடலில் கண்ணிவெடி தேடுகிற சுழியோடிகளுக்குப் படுக்கைகள், ஒரு சின்ன வைத்திய அறை. மற்றக் கப்பல்களுக்குத் துணையாகப் போகிற கப்பலாக அதை மாற்ற வேண்டும். ரகசியச் சாமான்கள் எல்லாம் முதலே கழன்று போய்விட்டன. ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, ஃபியோர்ட் கரையில் இருக்கிற கப்பல் திருத்துகிற எங்கள் சின்னத் தளத்துக்கு வெறும் இரும்புதான் வந்தது.

கப்பலின் முன்தளத்தில், பீரங்கி இருந்த இடத்தில் ஒரு வட்டக் குழி இருந்தது. அதைத் தகடு போட்டு மூடுவது என் வேலை. முதல் நாள் அதன் விளிம்பில் நின்றபோது இரண்டு அடி பின்வாங்கினேன். இருபத்திரண்டு வயதில், சண்டைக் காலத்தில், எங்கள் தீவுக் கரையைப் பார்த்து ஒரு கடற்படைக் கப்பலின் பீரங்கி திரும்பியதைக் கண்டு, வலையையும் வள்ளத்தையும் விட்டுவிட்டு நீந்தி ஓடியவன் நான். இப்போது வயது ஐம்பத்தெட்டு. பயம் போகவில்லை. பயம்தான், வேறென்ன, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பழைய வள்ளத்தைத் திருத்தினால், முன்பக்கத்துக் கடைசிப் பலகையை அடிக்க முதல் உள்ளே ஒரு அந்தோனியார் மெடலை வைப்போம். வைத்ததை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. அந்தக் குழியை அப்படியே வெறுமையாக மூட எனக்கு மனம் வரவில்லை. கொலை செய்யப் படைத்த சாமான் அந்தக் கப்பல். அதற்குள் யாரோ பெற்ற பிள்ளைகள் படுக்கப் போகிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தகட்டை இறக்க முதல், குழிக்குள் மூடுபடப் போகிற அறை சுத்தமாக, வெறுமையாக இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்து, படிவத்தில் கையெழுத்து வைக்க ஒரு பொறியியலாளர் வருவாள். பெயர் நிலூஜா. என் மகள். வெல்டைச் சோதிக்கிறது வேறு ஆள். இவளுக்கு அறை மட்டும்தான். அப்பா வேலை செய்கிற இடத்தில் மகள் கையெழுத்து வைக்கலாமா என்று அவளே மேலிடத்துக்கு எழுதிக் கேட்டு, அனுமதி வந்த பிறகுதான் பேனாவைத் தொட்டாள். அப்படிப்பட்ட பிள்ளை. யாரைக் கொண்டு பிறந்ததோ, நிச்சயமாக என்னைக் கொண்டு இல்லை.

அவள் குனிந்து டோர்ச் அடித்தாள். வெறுமை என்றாள். கையெழுத்து வைத்தாள். இறங்கிப் போனாள். அதன் பிறகு நான் மெடலை எடுத்து மூலையில் செருகினேன்.

என்னோடு நின்றவன் எலியாஸ். தூத்துக்குடிக்காரன், முப்பத்துநாலு வயது, நல்ல கை. வேலை அனுமதியில் வந்தவன். முதல் வாரம் என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பிறகு ‘அண்ணே’ ஆனேன். நான் மெடல் வைத்ததைக் கண்டான், சிரித்தான், ஒன்றும் கேட்கவில்லை. நான் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தேன். இருவருமாகத் தகட்டை இறக்கி மூடினோம்.

அந்த வட்டத்தைப் பார்த்த கடற்படை அதிகாரி, நெட்டையான ஒரு பெண், கப்பல் போகிற இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுக்கிற கருவியாக இருக்கலாம் என்றாள். அவ்வளவுதான், தளம் முழுக்க வேலை நின்றது. நிலூஜாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் விசாரித்தார்கள். கடைசியாக அந்த இடத்தில் நின்ற எங்கள் இருவரிடமும் உள்ளே வருகிற வாசல் அட்டையைப் பறித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை தகட்டை வெட்டிப் பார்ப்பதாக முடிவாயிற்று.

ரயில் நிலையத்தில் எலியாஸ் என் சட்டைக் கையைப் பிடித்தான்.

“அண்ணே, நம்மள ஊருக்கு அனுப்பிருவாங்களா? வேல போச்சுன்னா பெர்மிட்டும் போச்சுல்லா? எம் பொண்டாட்டி ஜெனிதாவுக்கு டிக்கெட் போட்டாச்சுண்ணே. அடுத்த மாசம் வாறா.”

“நீ என்னத்துக்கடா பயப்பிடுறாய்? நீ ஒண்டும் செய்யேல்லையே. செய்தது நான்.”

அவன் என் சட்டையை விட்டான். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிலூஜா ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட் பக்கம் தனியாக இருக்கிறாள். சனிக்கிழமைகளில் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். அன்றைக்கும் வந்தாள். என் மனைவி புளோறன்ஸ் நண்டுக் கறி வைத்திருந்தாள். நான் இரண்டு வாய் சாப்பிட்டேன், மூன்றாவது இறங்கவில்லை.

“பிள்ளை, அது மெடல்.”

“எது?”

“அந்த வட்டம். அந்தோனியார். நான்தான் வைச்சனான்.”

நிலூஜா நண்டுக் காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். கடதாசியால் விரல் விரலாகத் துடைத்தாள்.

“நான் கையெழுத்து வைக்க முதலோ, பிறகோ?”

“பிறகு.”

“ஐயோ, இந்த மனுசனுக்கு மூளை எங்கை போனது!” என்று புளோறன்ஸ் தலையில் கை வைத்தாள்.

நிலூஜா கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கத்தவில்லை.

“நேற்று அவ்வளவு பேருக்கு முன்னால நிண்டு, அந்த அறை வெறுமை, என்ர கண்ணால பாத்தனான் எண்டு சொன்னனான். அந்த அதிகாரி கேட்டவ, உம்மட அப்பா ஏதும் வைச்சிருப்பாரோ எண்டு. நான் சிரிச்சனான் அப்பா. சிரிச்சுப்போட்டு, அப்பா அப்பிடி ஆள் இல்லை எண்டு சொன்னனான்.”

“கப்பலுக்கு நல்லது எண்டுதான்...”

“கப்பல் கேட்டதோ? ஆர் கேட்டது? என்ர பேருக்குக் கீழ வைச்சிருக்கிறியள். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளோ?”

சொன்னால் பலிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது. ஒரு பிள்ளை. இந்த நாட்டில் தன் சொல்லை நாலு பேர் நம்ப வேண்டும் என்று அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை ஒரு தகரத் துண்டால் கெடுத்துவிட்டேன்.

“திங்கட்கிழமை வெட்ட முதல் சொல்லுங்கோ,” என்றாள். “முழுக்கச் சொல்லுங்கோ. என்ர வேலை போனாப் போகட்டும். இனி என்ர கையெழுத்துக்கு மேல ஒரு பொய்யும் வரக் கூடாது.”

“அந்தோனியார் ஆணை...”

“ஆணை ஒண்டும் வேண்டாம். ஓம் எண்டு சொன்னாக் காணும்.”

“ஓம்,” என்றேன்.

ஞாயிறு தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் எலியாஸ் கடைசி வாங்கில் முழங்காலில் இருந்தான். கும்பிட்டு முடிந்ததும் என்னிடம் வராமலே போய்விட்டான். என் மேல் கோபம் என்று நினைத்தேன். நியாயம்தானே.

திங்கட்கிழமை காலை எங்கள் இருவரையும் ஆன்ட்ரியாஸே வாசலில் வந்து உள்ளே கூட்டிப் போனான்; அவனிடமும் அந்த அதிகாரியிடமும் சொன்னேன். ஒரு மெடல், இந்த அளவு, அலுமினியம், நான் வைத்தது, மகளுக்குத் தெரியாது. அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்றாள். முன்தளத்தில் ஆன்ட்ரியாஸே கட்டரைப் பிடித்தான். என் வெல்டை, ஊசித் துவாரம் இல்லாத என் வெல்டை, என் கண் முன்னாலேயே கிழித்தான். எலியாஸ் தீயணைக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிலூஜா படிவத்தோடு நின்றாள்.

ஆன்ட்ரியாஸ் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையை விரித்தான். இரண்டு கிடந்தன.

“ஒன்று என்றாயே?” என்றாள் அதிகாரி.

என்னுடையது பெரியது. மற்றது சின்னது, அதன் மேலேயே கிடந்ததால் படத்தில் தனியாகத் தெரியவில்லை. பெருவிரலால் கரியைத் துடைத்தேன். பனிமய மாதா. அடியில் தமிழில் பொடி எழுத்து: தூத்துக்குடி.

நான் கோப்பி குடிக்கப் போன அந்தப் பத்து நிமிடம். அட பாவிப் பயலே!

எலியாஸைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை. குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். நான் இந்த நாட்டுப் பிரஜை, என்னை எங்கும் அனுப்ப முடியாது. இவன் பெயர் அந்தப் படிவத்தில் ஏறினால் வேலை போய்விடும், அனுமதியும் போய்விடும். பெண்சாதி பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.

நிலூஜா மெடலை என் கையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். பனிக்குள்ளால் இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளியில் விட்டவன் நான்தான். வாசித்தாள். எலியாஸை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து, முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பதுபோல நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

“இரண்டும் உங்களுடையவையா?”

முழுக்கச் சொல்வேன் என்று சனிக்கிழமை அவளுக்குக் கொடுத்த ‘ஓம்’ நினைவுக்கு வந்தது.

“யா,” என்றேன் அதே மொழியில். “இரண்டும் என்னுடையவை. இரண்டாவது வைத்ததை மறந்துபோனேன்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு நிலூஜா குனிந்து எழுதினாள். மெடல்கள் இரண்டு. உரியவர் அருளானந்தன். கீழே தன் கையெழுத்தை வைத்தாள்.

மத்தியானத்துக்குள் என் வேலை பறிபோனது. அவளுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. எலியாஸுக்கு ஒன்றுமில்லை, அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசலில் ஓடி வந்து என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, நான் போய்ச் சொல்லிருதேன்...”

“வாயைப் பொத்தடா. பெண்சாதி வாற அண்டைக்கு எயார்போட்டுக்கு நேரத்துக்குப் போ.”

நிலூஜா அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு என்னோடு அதே ரயிலில் ஏறினாள். ஆனால் பக்கத்தில் இருக்கவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம். ஒஸ்லோவில் அவள் இறங்கி மெட்ரோ எடுக்க வேண்டும். ரயில் வேகம் குறைந்ததும் எழும்பி என்னிடம் வந்தாள்.

“அப்பா, முதல் கையெழுத்து பொய்யாப் போகும் எண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்கு வைச்சது, தெரிஞ்சு வைச்சனான்.”

“பிள்ளை, அவன்ர பெண்சாதி...”

“தெரியும். அதாலதான் வைச்சனான்.”

கதவு திறந்தது. இறங்கினாள். சனிக்கிழமை வருவியோ என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான், ஒரு சொல்தான். நாசமாய்ப் போன வாய், அப்போது பார்த்துத் திறக்கவில்லை.