கீழே வைத்த காப்பி

என் தம்பி மகள் ஷுரூக் கூச்சல் போட்டபோது நானும் அவள் அம்மா உம்மு முத்லக்கும் அரிசி அடைக்கச் சீமைச்சுரைக்காய் குடைந்துகொண்டிருந்தோம். அவள் கையிலிருந்த காய் அடியில் ஓட்டையாகிவிட்டது.

"பாம்பா?" என்றாள்.

பாம்பு இல்லை, உதவித்தொகை. இர்பித் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிற நாற்பது பிள்ளைகளில் ஒரே ஒருத்திக்கு. நான்கு வாரம் அகழாய்வில் சேர்ந்து தோண்டலாம். தங்க இடம், சாப்பாடு, பயணச்செலவு எல்லாம் தலைநகர் அம்மானில் ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். ஒழுங்காக முடித்தால் குளிர்காலத்தில் உடைந்த பானைகளை ஒட்டிச் சேர்க்கிற படிப்புக்கு அம்மானிலேயே இடம். அந்தப் படிப்பைத்தான் இரண்டு வருடமாக அவள் தூக்கத்தில்கூடப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊர்ல தோண்டணுமாம்?" என்று கேட்டேன்.

கைபேசியை மறுபடி பார்த்தாள். முகம் மாறியது. விண்ணப்பத்தில் முதலாவதாக அகபாவை எழுதியிருந்தாள், கடல் பார்க்கலாம் என்று. இரண்டாவது மாதபா. மூன்றாவது கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று எங்கள் ஊர் மேட்டை எழுதி வைத்திருந்தாள்.

"நம்ம மேடு, அத்தை."

"நம்ம ஆடு மேயுற மேடா?"

"ஆமா."

உம்மு முத்லக் சிரித்த சிரிப்பில் அரிசிக் கிண்ணம் கவிழ்ந்தது. "பயணச்செலவு வேற குடுக்குறாங்கன்னியே, எதுக்கு? செருப்பு தேயுறதுக்கா?"

சிரிப்பெல்லாம் கடிதத்தின் கடைசி வரி வரைக்கும்தான். உதவித்தொகை பெறுகிறவர் நான்கு வாரமும் முகாமில்தான் தங்க வேண்டும். தினமும் இரவில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் இரவு தவறினாலும் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். முகாம் என்பது மேட்டின் அடியில், கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பெண்கள் பள்ளிக்கூடம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அதன் மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் எங்கள் துணிக்கொடி தெரியும்.

என் தம்பி ஆரிஃப், மூத்த மகன் பெயரைச் சேர்த்து ஊரார் வாயில் அபூ முத்லக், இர்பித்துக்கு மினிபஸ் ஓட்டுகிறான். பதினெட்டு பயணிகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் நிதானம் இழக்காதவன். அன்றைக்கு இழந்தான்.

"பகல்ல தோண்டட்டும், ராத்திரி வீட்டுக்கு வரட்டும். எதிர்ல வீட்ட வச்சுக்கிட்டு என் பொண்ணு வேற கூரைக்குக் கீழ படுத்தா ஊர் என்ன பேசும்?"

"விதி அப்படிப்பா."

"விதி அகபாவுக்குப் போட்டது. நமக்குப் பொருந்தாது."

அதற்கு மேல் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். தலையணையை நான் சுமந்தேன். உம்மு முத்லக் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நாங்கள் தெருமுனை திரும்பும்வரை அதே சக்கரத்தையே கழுவிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊரில் ஒரு பெண் பையும் தலையணையுமாக அப்பன் வீட்டைவிட்டு இறங்கினால், கல்யாணமும் இல்லையென்றால், அர்த்தம் ஒன்றுதான்: கோபித்துக்கொண்டு போகிறாள். போதாததற்கு ஆரிஃப் இரண்டு நாளாக யாரோடும் பேசாமல் வண்டி ஓட்டினான். மூன்றாம் நாள் பிற்பகல் தொழுகை முடிந்த கையோடு ஹாஜி நவ்வாஃப், வெள்ளைத் தலைத்துணி மடிப்புக் கலையாமல், பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நிலத்தகராறு, கோபித்துக்கொண்டு போன மனைவி, நின்றுபோன நிச்சயதார்த்தம், எல்லாச் சமாதானத்துக்கும் நாற்பது வருடமாக அவர்தான் தலைமை.

நானும் உம்மு முத்லக்கும் திரைக்குப் பின்னால் நின்றோம். ஆரிஃப் காப்பி ஊற்றினான். ஹாஜி கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். பதினொரு கிண்ணங்களும் கீழே இறங்கின. வந்த காரியத்துக்குச் சம்மதம் கிடைக்கிறவரை ஒரு சொட்டு உள்ளே போகாது.

"அபூ முத்லக், பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணியிருக்கலாம். நீயும் கோபத்துல ஒரு வார்த்தை விட்டிருக்கலாம். எதுன்னு நாங்க கேக்கல. அவள வீட்டுக்குக் கூட்டிக்க."

சண்டையே இல்லை என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே இரண்டு நாளாக ஏங்கிக்கொண்டிருந்தான்.

"குடிங்க, காப்பியக் குடிங்க! உங்க முகத்துக்காக அவள மன்னிச்சேன்."

பன்னிரண்டு கிண்ணங்களும் ஒரே மூச்சில் காலியாயின.

"மன்னிச்சாராம்!" என்று உம்மு முத்லக் என் தோளைக் கிள்ளினாள். "என்ன குத்தத்துக்காம்?"

அழைத்துவர மினிபஸ்ஸிலேயே கிளம்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்குக்கா?" என்றான் ஆரிஃப். "நீ மன்னிக்கிறத நான் பாத்ததே இல்ல, அதான்" என்றேன்.

பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் வாளிகளைச் சுற்றி உட்கார்ந்து பானை ஓடுகளைப் பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவிய ஓடுகள் எண் எழுதுவதற்காகக் கம்பிச் சல்லடைகளில் வெயிலில் காய்ந்தன. ஷுரூக்கின் முழங்கை வரை சேறு.

"பையை எடும்மா" என்றார் ஹாஜி பெருந்தன்மையோடு. "அப்பா மன்னிச்சுட்டாரு."

"எதுக்கு?"

"அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல."

அகழாய்வை நடத்துகிற டாக்டர் ஹைஃபா பதிவேட்டோடு ஓடிவந்தார். "ஹாஜி, இன்னிக்கு ராத்திரி இவ கையெழுத்து இல்லன்னா நாளைக்கு இந்த இடம் வேற பொண்ணுக்குப் போயிடும். என் கையில எதுவும் இல்ல."

"காப்பி குடிச்சாச்சும்மா" என்றார் ஹாஜி. அதற்கு மேல் ஒரு வாதம் உலகத்தில் இருக்க முடியாது என்பதுபோல.

ஷுரூக் எழுந்து கைச்சேற்றைக் கழுவினாள். வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாள். சமையல் கூடத்திலிருந்து காப்பிக் கெண்டியோடு வந்து ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். அப்பாவுக்கும் ஊற்றினாள். கடைசியாகத் தனக்கு ஒரு கிண்ணம் ஊற்றி, அதை அப்பாவின் காலடியில் தரையில் வைத்தாள்.

"நான் குடிக்க மாட்டேன்."

"ஏய், அது நாம செய்றதுல்ல?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"அப்பா, அகபாவுல கிடைச்சிருந்தா நீங்களே பெட்டியத் தூக்கி பஸ் ஏத்திவிட்டிருப்பீங்க. பக்கத்துல கிடைச்சது என் தப்பா?"

வாளிகளைச் சுற்றி ஒரு பல்துலக்கிகூட அசையவில்லை. போலந்திலிருந்து வந்த டோரோத்தா மட்டும் தன் உடைந்த அரபியில், "காப்பி நல்லா இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள்.

ஹாஜி அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார். தாடியைத் தடவினார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டுபோய் ஷுரூக்கின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கிறீச் கிறீச்சென்று பதினொரு நாற்காலிகள் அவர் பின்னாலேயே நகர்ந்தன. இந்தப் பக்கம் ஆரிஃப் தனியாக இருந்தான்.

"ஹாஜி! நீங்க என் வீட்டுக்குல்ல வந்தீங்க?"

"வந்தோம், கேட்டோம், குடிச்சோம். அது முடிஞ்சுது. இது வேற காப்பி."

ஆரிஃப் மகளைப் பார்த்தான், சல்லடைகளைப் பார்த்தான், மாடி ஜன்னலைப் பார்த்தான்.

"அகபாவுல நீ படுக்குற ஜன்னல் எனக்குத் தெரியாதும்மா. இங்க தெரியுது. வெளக்கு அணைஞ்சுதா இல்லையான்னு மொட்டமாடியில..." பன்னிரண்டு ஆண்கள் கேட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான். காற்று வாங்கத்தான் மேலே போகிறான் என்று நான் நினைத்திருந்தேன்.

"பத்து மணிக்கே அணைச்சுட்டோம்ப்பா."

"பத்தே கால்" என்றான்.

முற்றமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. குனிந்து கிண்ணத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான்.

"ஆறிப்போச்சு. சூடா வேற ஊத்திக் குடி."

"அப்போ சம்மதம்னு அர்த்தமா?" என்று ஹாஜி முன்னால் சாய்ந்தார்.

"காப்பியப் பத்திதான் சொன்னேன்."

அவன் வேறெதுவும் சொல்வதற்குள் ஷுரூக் ஊற்றி மூன்றே மடக்கில் குடித்து முடித்தாள். நாக்கு வெந்திருக்கும். டாக்டர் ஹைஃபா சத்தமில்லாமல் பதிவேட்டைத் திறந்து அன்றைய பக்கத்தில் பேனாவை வைத்தார்.

எல்லோரும் ஏறியும் வண்டி கிளம்பவில்லை. ஆரிஃப் சாவியைத் திருகாமல் கண்ணாடி வழியே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே டோரோத்தா கையில் கிடைத்த எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருந்தாள். சல்லடையில் வரிசையாகப் பழைய ஓடுகள். அவற்றுக்கு நடுவில், இன்னும் எண் எழுதப்படாத ஒரு வெள்ளைக் காப்பிக் கிண்ணம், கவிழ்த்தபடி, மாலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.