பல் பதிந்த துண்டு

வாங்க என் கண்ணுகளா, கிட்ட வந்து உட்காருங்கள். ஒரு மாமியார் செத்துப்போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். இதில் அழுகையைவிடக் குமட்டல்தான் அதிகம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

மருமகள் மாமியாரின் நகக்கண்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சோப்புப் போட்டும் கறை போகவில்லை. வருஷக்கணக்கில் ஓட்டல் தட்டுகளை வழித்துப்போட்ட கை அது. விரலிடுக்குகள் ஊறி வெளுத்துக் கிடந்தன. முந்தின நாள் உடம்பு முடியவில்லை என்று ஓட்டலிலிருந்து சீக்கிரம் வந்தவள், சமைத்து வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

"விடும்மா, இனிமே அந்த நகத்த யாரு பாக்கப் போறா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி.

"அத்தை பாப்பாங்க," என்றாள் மருமகள்.

வெளியே மகன் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். பஸ் டிரைவர். அம்மா கையால் அவன் ஒரு வாய் சாப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. ஏன் என்று கேளுங்கள்.

அந்த ஓட்டலில் விருந்து முடிந்ததும் மிஞ்சியதையெல்லாம் தொட்டியில் கொட்டி, மேலே பினாயில் ஊற்ற வேண்டும். ஏழை பாழை எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். அந்த வேலை மாமியாருடையது. ஒருநாள் கேட்டில் அவளுடைய டப்பாவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே பாதி டப்பா சோறு.

"தட்டுலேர்ந்து வழிச்சியா?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"என் வீட்டுச் சோறு சார். எனக்கு இறங்கல."

"கொண்டுவந்த சோத்த யாராவது திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மனசு பண்ணி வேலையை விட்டுத் தூக்கவில்லை. தினமும் போகும்போது கேட்டில் பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

சேதி பஸ் டிப்போ வரைக்கும் போய்விட்டது. "என்ன டிரைவரே, உங்க வீட்ல தினமும் விருந்தாமே! எங்களுக்கு ஒரு எலும்பாவது வைக்கக் கூடாதா?" என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளினான். "எவன் எவன் எச்சிலயோ எனக்குப் போட்டிருக்கா!" என்று கத்திவிட்டு, வாஷ்பேசினில் குனிந்து தொண்டைக்குள் விரலை விட்டான். அவன் கக்குவதை அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்கு உண்மை தெரியும். டப்பாவைக் கழுவுகிறவள் அவள்தானே. காலையில் தான் கட்டிக்கொடுத்த சோறுதான் பாதி அப்படியே திரும்பி வரும். "மென்னு துப்பின கறி, குழம்புல குத்தி அணைச்ச சிகரெட்டு... அதெல்லாம் வழிச்சுப் போட்ட கைய எத்தன தடவ கழுவினாலும் வாய்க்குக் கொண்டுபோக முடியலடி," என்பாள் அத்தை. இதைக் கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். "நீ ஒண்ணும் அவளுக்கு வக்காலத்து வாங்காத," என்றான். அப்புறமும் அம்மா தினமும் மகனுக்கென்று ஒரு சட்டியில் சமைத்து மூடி வைத்தாள். அவன் கடையில் தின்றுவிட்டு வந்தான். நேற்று வைத்த சட்டியும் அடுப்பின் மேல் மூடியபடியே இருந்தது.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் வேனில் வந்து இறங்கினார். ஒரு மலர்வளையம். நாலு பெரிய அலுமினியத் தட்டுகளில் சூடு பண்ணிய சாப்பாடு.

"எல்லாரும் பசியோட இருப்பீங்க. ஓட்டல் சார்பா நம்மளால ஆனது," என்றார்.

மகன் கையெடுத்துக் கும்பிட்டான். காலையிலிருந்து யார் வயிற்றிலும் ஒன்றும் விழவில்லை. நின்றபடியே தின்னத் தொடங்கினார்கள். "பெரிய இடத்துச் சமையலே தனிதான்," என்று தையல்காரி விரலை நக்கினாள். மகன் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தான்.

மருமகள் ஒரு தட்டில் கரண்டியை விட்டுக் கிளறினாள். கறியின்மேல் கேக்கின் க்ரீம் உருகி ஓடியிருந்தது. மூன்று குழம்புகள் ஒன்றாகக் கலந்து ஒரு புளித்த வாடை. அடியிலிருந்து ஒரு துண்டு வந்தது. அதில் வளைவாகப் பற்கள் பதிந்திருந்தன. விளிம்பில் உதட்டுச் சாயம். சதையில் ஒட்டியபடி ஒடிந்த பல்குத்தி ஒன்று.

நேற்று விருந்தில் மிஞ்சித் தொட்டிக்குப் போயிருக்க வேண்டியது. பினாயில் ஊற்றும் கை இங்கே கிடந்தது.

அந்தத் துண்டை ஒரு சின்னத் தட்டில் வைத்து எடுத்துப் போனாள்.

"சார், அத்தை எதையும் எடுக்கலன்னு இவங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்க. தூக்கறதுக்கு முன்னாடி."

"எதுக்கும்மா இப்ப அதெல்லாம்? நாங்கதான் அப்பவே மன்னிச்சு விட்டுட்டோமே."

"சரி. அப்ப நீங்களும் சாப்பிடுங்க சார்."

தட்டு அவர் கைக்குப் போனது. பார்த்தார். கையை நீட்டித் தட்டைத் தள்ளிப் பிடித்தார்.

"நான்... சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்."

தையல்காரி எட்டிப் பார்த்தாள். "அய்யே! யாரோ கடிச்சு வச்சது!" என்று வாயிலிருந்ததை முந்தானையில் துப்பினாள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. யாரோ ஓங்கரித்தார்கள்.

"கிச்சன்ல ஏதோ கவனக்குறைவு. நான் விசாரிக்கிறேன்."

"விசாரிக்க வேணாம் சார். சொல்லிட்டுப் போங்க."

மேனேஜர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார்," என்றாள் தையல்காரி. "அந்தம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"அவங்க எடுத்தத... யாரும் பாக்கல!" என்றார் உரக்க. அவ்வளவுதான் அவரால் முடிந்தது. கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார்.

மகன் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான். பிறகு வாஷ்பேசினுக்கு ஓடினான். மருமகள் கதவருகே, அத்தை அன்று நின்ற இடத்தில், நின்றாள். வெகுநேரம் கக்கினான். வாயைக் கொப்பளித்தான். மறுபடி கொப்பளித்தான்.

அப்புறம் முகத்தைக்கூடத் துடைக்காமல் அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தான். ராத்திரிப் புழுக்கத்தில் மேலே நுரை கட்டியிருந்தது.

"கெட்டுப்போச்சுங்க," என்றாள் மருமகள்.

அவன் மூடியைத் திரும்ப வைக்கவில்லை. அலமாரியிலிருந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். தூக்க ஆட்கள் வரும் வரைக்கும் அந்தக் காலித் தட்டு அவன் மடியிலேயே இருந்தது.

போய்ட்டு வாங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சட்டியில் என்றைக்கும் சோறு இருக்கட்டும். அது யாருக்காக வைத்ததோ, அவர்கள் சோறு ஆறுவதற்குள் வந்து சேரட்டும்.