வளர்ச்சி ஊசி

நாற்பத்தொரு வயதில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் கடிதம் அவன் கைக்கு வந்தது.

கட்டட வேலைகளில் கோபுர கிரேன் ஓட்டுபவன் அவன். நாளெல்லாம் உயரத்திலேயே இருப்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'ஆகாசம்'. ஆனால் ஒன்பது வயதில் அவன்தான் வகுப்பிலேயே குள்ளம். ஊசி போட்டால் வளருவான் என்று டாக்டர் சொல்ல, அம்மா விடாப்பிடியாக ஐந்து வருடம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைந்தாள். பலன் இருந்தது. எல்லாரையும்போல வளர்ந்தான்.

அந்த மருந்து, இறந்தவர்களின் மூளைச் சுரப்பியிலிருந்து எடுத்ததாம். அவர்களில் யாருக்கோ ஒரு நோய்த்தொற்று இருந்திருக்கிறதாம். அது முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் உடம்பில் கிடந்துவிட்டு, ஒருநாள் மூளையை அரிக்கத் தொடங்குமாம். முதலில் நடை தள்ளாடும். அதே ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்றது கடிதம்.

கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கிருந்த டாக்டர் அவனை நேர்கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"இப்போதைக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கு வருமா டாக்டர்?"

"வரலாம், வராமலும் போகலாம். முக்கால்வாசிப் பேருக்கு வரல."

"எப்பத் தெரியும்?"

"வந்தாத்தான் தெரியும்."

மருந்து உண்டா என்று கேட்டான். டாக்டர் பேனாவை மூடினார். "இன்னும் கண்டுபிடிக்கல" என்றார்.

யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. முன்பெல்லாம் கிரேன் உச்சியின் கண்ணாடிக் கூண்டில் ஒன்பது மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பிடிக்கும். இப்போது அங்கே உட்கார்ந்தாலே நினைப்பு தன் மூளையைச் சுற்றியே ஓடியது. சாவி கைதவறினாலும் அதுதானோ என்று தோன்றியது.

ஒரு காலை, ஏணியில் ஏறும்போது கால் ஒரு படியைத் தவறவிட்டது. பனி ஈரமாக இருக்கலாம். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். அவன் தூக்கப்போகும் கம்பிக்கட்டு கடந்துபோகும் இடத்தில் பதினொரு பேர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். இறங்கிவிட்டான்.

"என்னப்பா ஆகாசம், பாதியிலேயே இறங்கிட்ட?" என்றார் சூப்பர்வைசர்.

"இனிமே மேல போகல சார்."

விஷயத்தைச் சொன்னான். அவர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார். உடனே கூசிப்போய், பக்கத்தில் வந்து தோளில் கைவைத்தார். "கீழ நின்னு சிக்னல் குடு. அதுக்கும் விஷயம் தெரிஞ்ச ஆள் வேணும்."

வேலை மாறியதை அம்மாவிடம் எப்படியாவது சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனான். ஏதேதோ பேசி இழுத்தான். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். அதே கடிதம்.

"பழைய விலாசத்துக்குப் போன வருஷமே வந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"எந்த வாயால சொல்ல? வேணாம் வேணாம்னு நீ அழுத. உன் கையை அமுக்கிப் பிடிச்சது நான்தான். நீ வரும்போதெல்லாம் ஜன்னல்ல நின்னு உன் நடையைப் பார்ப்பேன்."

"எனக்காகத்தானேம்மா பண்ணின."

ஒரே காகிதத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வீட்டில் தவித்திருக்கிறார்கள். அன்றைக்கு இருவருமாகச் சமைத்தார்கள்.

ஏழு வருடம் ஓடிவிட்டது. நோய் வரவில்லை. அம்மா போன வருடம் மாரடைப்பில் போய்விட்டாள். மகன் தள்ளாடுவதைப் பார்க்காமலே போனாள். அதுவரைக்கும் அவனுக்கு ஆறுதல்.

அந்த ஊசி போட்டவர்களுக்கான இந்த வருடப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவன் உயரம்தான் இருப்பாள்.

"உங்களுக்கு எத்தனை வருஷம் ஊசி?" என்று அவளே கேட்டாள்.

"அஞ்சு. உங்களுக்கு?"

"ஏழு."

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனவளின் நடையை அவன் கண் தானாகவே அளந்தது. வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தான்.