மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் இலவசம்

மயிலாடியில் கல்லறைக் கற்களுக்கு எழுத்து அமைத்துக் கொடுப்பது என் தொழில். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்துக் கொடுப்பேன். பட்டறைக்காரர்கள் அந்தத் தாளைக் கல்லில் ஒட்டி உளியால் வெட்டிக்கொள்வார்கள். இருபது வருடமாக இந்த வட்டாரத்தில் இறந்தவர்களில் பாதிப் பேர் என் கைவழியாகத்தான் போயிருக்கிறார்கள். எழுத்துப் பிழை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டு அஞ்சுகிராமம் போய்ச் சாளை மீன் வாங்கி வந்து, என் மனைவி சத்தியபாய் அதைக் குழம்பு வைத்து, நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். மிகையாகச் சொல்லவில்லை, மாங்காய் போட்டுக் குழம்பு வைக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். ஐப்பசியில் அது அடியோடு நின்றது. புதிய மென்பொருள் இந்தப் பழைய உடம்பில் ஏறாது என்றார்கள். புதுக் கம்ப்யூட்டர் நாற்பத்தெட்டாயிரம். போன வருடம் அதுவே முப்பத்தைந்து. வாங்க வழியில்லை, கடையைப் பூட்டவேண்டியதுதான்.

"நோட்ட அடிச்சு அடிச்சு விடுகானுவ ஓய். நோட்டு கூடுனா வெலயும் கூடும்" என்றார், எதிரே முட்டைக்கடை வைத்திருக்கும் ஜான்ரோஸ்.

"அதில்ல ஓய். எல்லாத்துக்கும் காரணம் நம்ம சபை ஏலம்" என்றேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று வீட்டுக்கு வீடு முதல் பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அங்கே சொல்வது விலை அல்ல, காணிக்கை. சென்ற வருடம் ஒரு நாட்டுக்கோழி நாலாயிரத்துக்குப் போனது. அந்தத் தொகை கோழியின் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் முதல் இருபது ரூபாய்க்குக் குறைந்த முட்டையை அது இடவே இல்லை. அதைப் பார்த்து மற்ற கோழிகளும் விலையைக் கூட்ட, வட்டக்கோட்டை வரைக்கும் பரவிவிட்டது.

"கம்ப்யூட்டரு போனதோட ஓமக்கு மூளையும் போச்சு" என்றார் ஜான்ரோஸ்.

இந்த வருடம் வாழைக்குலைக்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு பென் டிரைவ் இருந்தது. ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் ஜாஸ்மி வைத்தது. வயலோ கோழியோ இல்லாதவள். தன் தொழிலிலிருந்து கொடுத்திருக்கிறாள். ஏலம் விட்ட ஆன்றோ சீட்டை வாசித்தார்: "லினக்ஸ் மென்பொருள். பழைய கம்ப்யூட்டரையும் ஓட வைக்கும்."

என் பையில் எழுநூறு ரூபாய் இருந்தது. "நூறு" என்றேன். பின்னால் "இருநூறு" என்று குரல் வந்தது. திரும்பினால் ஜான்ரோஸ். எழுநூறில் நான் நின்றேன். அவர் ஆயிரம் என்றார். போட்டிக்கு ஆளே இல்லை. ஆனாலும், "கர்த்தருக்கு வெறும் ஆயிரமா?" என்று தனக்குத்தானே மேலேற்றி, மூவாயிரத்து ஐந்நூறில்தான் மூச்சு விட்டார். நான் சபை விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஜாஸ்மியைக் கூட்டிக்கொண்டு ஜான்ரோஸ் என் கடைக்குள் நுழைந்தார். "ஏட்டி, இதுல அத ஏத்திக் குடு."

"ஓமக்குல்லா வாங்கினீரு?" என்றேன்.

"முட்ட விக்கதுக்கு எனக்கு எதுக்கு ஓய் கம்ப்யூட்டரு? நீரு எழுநூறுல நிப்பீருண்ணு தெரியும். எழுநூறு எழுநூறா வந்தா சபைக்கு எப்ப டைல்ஸ் போடுகது?"

நான் கம்ப்யூட்டர் மேலிருந்த தூசியைத் துடைத்தேன். எனக்கு இது அபூர்வம்.

ஒரு மணி நேரத்தில் ஜாஸ்மி முடித்தாள். பொத்தானை அழுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை தயாராக நின்றது.

"பாட்டா, எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே போட்டுத் தந்திருப்பேன். உலகம் முழுக்க ஆளுவ சேந்து எழுதி, எடுத்துக்கோண்ணு விட்டிருக்காவ. யாரும் நகலெடுக்கலாம்" என்றாள் ஜான்ரோஸைப் பார்த்து.

ஜான்ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். "சும்மாவா? சும்மா குடுக்கவன் எவனாவது உண்டுமா? உள்ள என்னமோ சூட்சுமம் இருக்கு."

"எனக்கு இப்ப ஒருத்தரு குடுத்தாரே ஓய்" என்றேன்.

அவர் முகத்தைத் தன் கடைப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்போ ஒரிஜினல் எனக்க கையிலதான் இருக்கு. மத்தவன் வச்சிருக்கதெல்லாம் நகலு" என்றார்.

அன்று மதியத்துக்குள் இரண்டு கல்லுக்கு எழுத்து முடித்தேன். இப்போது பஜாரில் யாருடைய கம்ப்யூட்டர் நின்றாலும் ஜாஸ்மி போட்டுக் கொடுக்கிறாள். ஆனால் முதலில் ஜான்ரோஸிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் கையிலிருக்கும் முட்டையைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, சற்று யோசித்து, "எடுத்துக்கோ மக்கா" என்கிறார்.