ஹை எயிற்றில் எடுத்த கலியாணம்

கமராவைப் பற்றி அல்பேர்ட்டுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இதை ஊருக்குச் சொன்னவனும் அல்பேர்ட்தான். சவூதியில் ஒரு கடையின் களஞ்சியத்தில் மூன்று வருடம் பெட்டி அடுக்கியவன். அந்தப் பெட்டிகளில் சிலவற்றுக்குள் கமரா இருந்ததாம். அந்த அனுபவத்தோடு வவுனியாவுக்குத் திரும்பி வந்தவனுக்கு, அக்கா புனிதத்தின் மகள் நிரோசினிக்குக் கலியாணம் என்ற செய்தி கிடைத்தது. மாப்பிள்ளைப் பெடியன் யார், என்ன தொழில், குடிப்பானா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வீடியோ எதில எடுக்கிறது?" என்றுதான் கேட்டான்.

உண்மையைச் சொன்னால் புனிதத்துக்கும் அந்த வீடியோதான் பெரிய காரியமாக இருந்தது. வெளியே மூச்சு விடவில்லை, அவ்வளவுதான். அவளுடைய புருசன் மரியதாஸ் தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்தையும் வலையையும் விற்றுவிட்டுப் பிரான்சுக்குப் போனவர். ஒரு வருடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிரான்சில் வருடம் கொஞ்சம் நீளம் போலும், பத்து வருடமாகியும் அந்த ஒரு வருடம் முடியவில்லை. அதற்குள் புனிதம் கடற்கரையிலிருந்து மாங்குளம், மாங்குளத்திலிருந்து வவுனியா என்று பிள்ளையையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டாள்.

படம் எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு தரம் ஸ்ரூடியோவில் எடுத்தாள். இரண்டிலும் விசாரணைக்குக் கூப்பிட்ட ஆள் மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். அவற்றை அலுமாரியின் அடியில் போட்டுப் பூட்டிவிட்டாள். நடந்து, சிரித்து, நாலு பேரோடு கதைத்துக்கொண்டு நிற்கிற என்னை அந்த மனுசன் ஒருக்காப் பார்க்கட்டும், பார்த்தால் மனம் இளகும், கூப்பிடுவார் என்று அவள் நம்பினாள். வீடியோவை அவள் எதிர்பார்த்தது அதற்காகத்தான். மகளின் கலியாணத்தில் தன்னைப் பற்றி நினைப்பது வெட்கமாகவும் இருந்தது.

கமரா வாடகைக்கு விடுகிறவர் நளீர். சந்தைக்குப் பக்கத்தில் கடை. ஒரு பெரிய கமராவைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"இது வீஎச்எஸ். தோளில வச்சு எடுக்கிறது. கசெற்றை அப்பிடியே வீட்டு வீடியோ டெக்குக்குள்ள போட்டுப் பார்க்கலாம். எல்பியில, நாடாவை மெள்ள ஓடவிட்டு எடுத்தா, ஆறு மணித்தியாலம் ஓடும். கோயில், சாப்பாடு, சண்டை எல்லாம் வரும்."

பிறகு உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்தார்.

"இது ஹை எயிற். சின்னக் கசெற். படம் கண்ணாடி மாதிரி. ஆனா டெக்குக்குள்ள போகாது, கமராவை ரீவியில கொழுவித்தான் பார்க்கவேணும். இல்லாட்டி வீஎச்எஸ்சுக்கு மாத்தவேணும். கசெற் என்னட்ட ஒண்டுதான் இருக்கு. ஒண்டரை மணித்தியாலம். அதிலயும் எல்பி போட்டா மூண்டு மணித்தியாலம்."

"எது நல்லது?" என்று புனிதம் கேட்டாள்.

"ரெண்டும் நல்லது அக்கா," என்றார் நளீர். இரண்டும் அவருடைய கமரா, வேறு என்ன சொல்லுவார்.

அல்பேர்ட் சின்னதைத் தூக்கிக் கண்ணில் வைத்தான். வைத்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

"ஹை எயிற்தான். எல்பி, கில்பி ஒண்டும் வேண்டாம். எல்பியில ஆக்கள் புகை மாதிரித் தெரிவினம். இது நூறு வருசம் வச்சுப் பார்க்கிற சாமான், அக்கா."

"தம்பி, புகையாத் தெரிஞ்சாலும் பரவாயில்லை. எல்லாரும் தெரிஞ்சாக் காணும். அத்தான் நேர டெக்கில போட்டுப் பார்க்கட்டுமே."

"அக்கா, உங்களுக்கு இதுகள் விளங்காது."

பத்து வருடம் தனியாகக் குடும்பம் நடத்தியவளுக்கு விளங்காத ஒரே விசயம் அதுதான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். புனிதத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கலியாண வீட்டில் கோபிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மரியதாஸ் கொம்யூனிகேஷன் கடைக்கு ஃபோன் எடுத்தார். மாதத்துக்கு ஒரு தரம் கிடைக்கிற அழைப்பு அது. புனிதம் ஹலோ சொன்னாள். மிச்சத்தை அல்பேர்ட் கதைத்தான். கசெற்றின் அளவு, கோடுகளின் எண்ணிக்கை, கலரின் அடர்த்தி என்று கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று வேர்க்க வேர்க்க விளக்கினான். கடைசியில் ரிசீவர் அவளிடம் திரும்பி வந்தது.

"அல்பேர்ட் சொல்லுறது சரி," என்றார் மரியதாஸ். "நல்ல குவாலிற்றியா எடுங்கோ. இஞ்ச ஹோல் வாடகைக்கு எடுத்து எங்கட ஆக்களுக்குப் போட்டுக் காட்டப்போறன். எனக்கு மரியாதையா இருக்கவேணும்."

"நீங்கள் எப்பிடி இருக்கிறியள்?" என்று அவள் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

ஆக, ஒன்றரை மணித்தியாலக் கசெற். ஒரு நாள் கலியாணத்தை அதற்குள் அடக்கவேண்டும். யார் யாரை எவ்வளவு நேரம் எடுப்பது என்று அல்பேர்ட் யோசித்தான். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்குக் கூட நேரம். மற்றவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக வந்தால் போதும்.

"உங்களைக் கடைசியில தனியா எடுக்கிறன் அக்கா. ரெண்டு நிமிசம். அத்தானுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ," என்றான்.

அந்த இரண்டு நிமிடத்தை நம்பிப் புனிதம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே வசனம் பாடமாக்கினாள். "இஞ்சேருங்கோ, பிள்ளையைக் கரை சேர்த்துப்போட்டன். இனி நான் தனிய." இவ்வளவுதான். இதற்கு மேல் சொன்னால் அழுகை வந்துவிடும், படம் பழுதாகிவிடும் என்று பயந்தாள்.

கலியாணத்தன்று கோயிலுக்குள் ஹை எயிற் தன் குணத்தைக் காட்டியது. அந்தக் கண்ணாடி மாதிரிப் படத்துக்கு ஊர் வெளிச்சம் போதாதாம். பெரிய லைற் ஒன்றைக் கிட்டப் பிடித்தால்தான் முகம் தெரியும். லைற் பிடிக்க நளீர் ஒழுங்குசெய்த ஆளுக்கு அன்று சோதனைச்சாவடி தாண்டி வர ஆமி பாஸ் கொடுக்கவில்லை. அல்பேர்ட் கையில் லைற்றோடு கோயிலைச் சுற்றி வந்தான். ஒருவரும் பிடிக்க வரவில்லை. எல்லாருக்கும் பாரிசிலோ லண்டனிலோ ரொறன்ரோவிலோ யாரோ இருந்தார்கள், படத்துக்கு வெளியே நிற்க எவருக்கும் மனமில்லை. மாப்பிள்ளை டிலக்ஸனின் சித்தப்பா, சாகக் கிடந்த மனுசன், அவரும் முன் வாங்கில் முகத்தைக் கமராவுக்கு நேரே வைத்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா, நீங்கள் சும்மாதானே நிக்கிறியள். இதை ஒருக்காப் பிடியுங்கோ."

பெண்ணைப் பெற்றவள் பெண்ணின் கலியாணத்தில் சும்மாதான் நிற்கிறாள். புனிதம் வாங்கிப் பிடித்தாள்.

அந்த லைற் அடுப்பை விடச் சூடு. புதுச் சேலை முதுகோடு ஒட்டியது. காலையில் ஒரு மணித்தியாலம் செலவழித்துச் சீவிய தலை கலைந்து, பூச்சரம் தோளில் வந்து விழுந்தது. "வலப்பக்கம் அக்கா, கொஞ்சம் உயர்த்துங்கோ அக்கா" என்று அல்பேர்ட் சொல்லச் சொல்ல அவள் நகர்ந்தாள். தாலி கட்டும் நேரம் பாதருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒற்றைக் கையால் லைற்றைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கண்ணைத் துடைத்தாள். மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அவள் சரியாகப் பார்க்கவில்லை, வயர் காலில் சிக்கிவிட்டது.

பிறகு ஹோலில் விருந்து. கேக் வெட்டு சரியாக வரவில்லையென்று மூன்று தரம் வெட்டவைத்தான் அல்பேர்ட். மாப்பிள்ளை மூன்று தரம் வெட்கப்பட்டான். மூன்றாவது வெட்கத்தோடு கசெற் முடிந்துவிட்டது. புனிதம் முகம் கழுவி, பவுடர் பூசி, பூவைத் திரும்ப வைத்துக்கொண்டு தன் இரண்டு நிமிடத்துக்காக வந்து நின்றாள்.

"அடடா அக்கா, கசெற் சரி," என்றான் அவன்.

அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. பந்திக்கு ஆள் வந்துவிட்டது, பரிமாறப் போனாள்.

அடுத்த நாள் காலை, கமராவைத் திருப்பிக் கொடுக்க முன்னம், ரீவியில் கொழுவிப் போட்டுக் காட்டினான். அறை நிறையச் சனம். புனிதம் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்று தன்னைத் தேடினாள். முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு முழங்கை, ஒரு சேலைக்கரை. தாலி கட்டுகிற இடத்தில் மட்டும், பாதருக்குப் பக்கத்தில், முழு முகமும் விழுந்திருந்தது. வேர்வையில் மினுங்குகிற முகம், நரை விழுந்து கலைந்த தலை, அழுகிற கண். வடிவில்லைத்தான். ஆனாலும் இருக்கிறேன், அவருக்குத் தெரியும்படி இருக்கிறேன் என்று அவளுக்குள் ஒரு சந்தோசம் பரவியது. இவ்வளவு துலக்கமாக எடுத்திருக்கிறானே என்று தம்பி மீதிருந்த கோபம்கூடப் பாதி குறைந்தது.

நளீர் அதை வீஎச்எஸ்சுக்கு மாற்றிக் கொடுத்தார். அது பாரிசுக்குப் போனது. சின்னக் கசெற் நூறு வருடம் பழுதாகாமல் இருக்கட்டும் என்று அலுமாரிக்குள் போனது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் கமரா இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

மரியதாஸ் ஃபோன் எடுத்தபோது அல்பேர்ட்டும் பாராட்டு வாங்க வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றான். புனிதம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"புனிதம், படம் பாத்தனான். சும்மா சொல்லக்கூடாது, என்ன கிளியர்! ஹோலில போட்டன், எல்லாரும் வாயைப் பிளந்திட்டாங்கள். தம்பிக்குச் சொல்லு."

"ஓம், சொல்லுறன்." அவள் காத்திருந்தாள். "வேற?"

"வேறயோ... நீ எங்கயடி நிண்டனி? திருப்பித் திருப்பி ஓட்டித் தேடினனான். ஒரு இடத்திலயும் காணேல்லை."

புனிதம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"பிறகு இன்னொண்டு. தாலி கட்டேக்க பாதருக்குப் பக்கத்தில லைற்றைப் பிடிச்சுக்கொண்டு ஒரு வயசு போன மனுசி நிண்டு அழுது. நல்ல இடத்தில வந்து மறைச்சுக்கொண்டு நிக்குது. இஞ்ச எல்லாரும் கேட்டவங்கள். ஆர் அது?"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்குள்ளேயே அந்த மனுசன் ஓட்டி ஓட்டித் தேடியிருக்கிறாரே என்று இரக்கமும் வந்தது. நான்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள், சொன்னது வேறு.

"அவாவை உங்களுக்குத் தெரியாது," என்றாள். "நீங்கள் போனாப்பிறகு வந்தவா."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அல்பேர்ட் ஓடி வந்தான்.

"என்னக்கா, அத்தான் குவாலிற்றியைப் பற்றி என்ன சொன்னவர்?"

"எல்லாம் வடிவாத் தெரியுதாம்," என்றாள் புனிதம்.