பிரேக் அவள் பக்கம்

டயாலிசிஸ் வார்டில் எல்லோருக்கும் ஒரு கைதான். இன்னொன்று ஊசிக்கை. நான்கு மணி நேரம் அது மெஷினுக்குச் சொந்தம், அசைக்கக் கூடாது.

ஏழாம் நாற்காலியில் டிரைவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்கு இடது கை ஊசிக்கை. எட்டாம் நாற்காலியில் அவள். அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் என்பதால் வார்டில் எல்லோருக்கும் ப்ரூஃப் அக்கா. இடது கையால் எழுதுகிறவள், எழுதுகிற கையைக் கெடுக்க வேண்டாம் என்று டாக்டர் ஊசியை வலது கைக்கு மாற்றியிருந்தார். ஆக, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் அவருடைய வலது கையும் அவளுடைய இடது கையும் சும்மா கிடந்தன. அதை முதலில் கவனித்தவர் டிரைவர்.

"தங்கச்சி, உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. கூட்டினா ஒரு முழு ஆளு."

சுவர் டிவிக்குக் கீழே ஒரு ரேக்கில் நான்கு கேம் பெட்டிகள் இருந்தன. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்து யார் யாரோ கொடுத்தவை. டிரைவர் கறுப்பு ப்ளேஸ்டேஷனைப் போடச் சொன்னார். கன்ட்ரோலரை ஒரு ஸ்டீல் ட்ரேயில் வைத்து, நகராதபடி பிளாஸ்திரி ஒட்டி, நடுவிலிருந்த ஸ்டூலில் வைத்தார் சிஸ்டர். கார் ரேஸ். இடது பக்க ஸ்டிக் டிரைவரின் கட்டைவிரலுக்கு, அதாவது ஸ்டியரிங். வலது பக்கப் பொத்தான்கள் அவளுக்கு. ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்.

முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது.

"பிரேக் போடலியா?"

"போட்டேன். நீங்கதான் திருப்பல."

"முப்பது வருஷத்துல என் பிரேக்க நான் அடுத்தவங்க கால்ல குடுத்ததில்ல."

"இப்பவும் கால்ல குடுக்கல. கையிலதான் குடுத்திருக்கீங்க."

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து விபத்து. ஒவ்வொன்றுக்கும் அவர் அதே கேள்வியைக் கேட்டார், அவள் அதே பதிலைச் சொன்னாள். சில சமயம் தாமதமாகத்தான் அழுத்தினாள், அது அவளுக்கே தெரியும். ஆனால் அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். தன் பிழையை ஒப்புக்கொள்வதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுத்ததில்லை.

அவளுக்குப் பிடித்தது வெள்ளை நின்டென்டோவில் இருந்த மீன் பிடிக்கிற ஆட்டம். ஒரே பொத்தான். தூண்டிலைப் போட்டுவிட்டு, நீரில் வட்டம் விரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிரஷர் ஏறாது, யாரோடும் சண்டை வராது. அந்தப் பெட்டிக்கு அதுதான் மகுடம் என்பாள்.

"ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிக்கு மேல குடிக்காதன்னு டாக்டர் சொன்ன ஆளுங்களுக்கு ஏரியக் காட்டுறீங்களே மேடம், நல்லா இருக்கா இது?" என்பார் டிரைவர். கோபம் வந்தால் தங்கச்சி மேடமாகிவிடுவாள்.

மூன்றாம் நாற்காலி எலக்ட்ரீஷியன் எக்ஸ்பாக்ஸ் ஃபுட்பாலுக்குக் கட்சி. ஐந்தாம் நாற்காலித் துணிக்கடைக்காரம்மா, சாம்பல் நிற சேகாவில் கட்டைகள் விழுகிற ஆட்டத்தை விட்டால் வேறெதுவும் ஆட்டமே இல்லை என்பாள். அலமாரியில் புடவை அடுக்குகிற மாதிரி இருக்கிறதாம். ஊசி ஏறியதும் தொடங்கும் விவாதம் ஊசி எடுக்கும்வரை நடக்கும். வலியைப் பற்றிப் பேசாமலிருக்க அது நல்ல வழி.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டர் வந்து சொன்னார். புதிய தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் வருகிறது, ரேக் இருக்கும் இடம் அதற்கு வேண்டும். டிவி பக்கத்தில் ஒரே ஒரு பெட்டிக்கு இடம். எது இருக்க வேண்டும், ஏன் என்று ஒவ்வொருவரும் அடுத்த வாரம் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

"ஏன்னு எதுக்கு சிஸ்டர்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இல்லன்னா நாலு மணி நேரமும் என் காதுலதான் சொல்லுவீங்க."

டிரைவர் அவள் பக்கம் திரும்பினார். "ரேஸுதானே தங்கச்சி?"

"மீனு."

"அத ஒத்தைக் கையால ஆடிடலாமே. அப்புறம் நான் எதுக்கு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்றைக்கு அவளுக்குக் கால் பிடிப்பு, தலைசுற்றல். "நீங்க இல்லாட்டியும் ஆடணும்ல," என்றாள். அவர் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வருகிற நாட்களை மனதில் வைத்துத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அன்றைக்கு இருவரும் ஆடவில்லை.

திங்கட்கிழமை எடை பார்க்கும் இடத்தில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. ஏழாம் நாற்காலியில் புது விரிப்பு. ஞாயிறு காலை, சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று சிஸ்டர் அவள் காதருகே சொன்னார். வார்டில் அன்று யாரும் டிவி போடச் சொல்லவில்லை.

நீங்க இல்லாட்டியும். மெஷின் சுற்றச் சுற்ற அந்த இரண்டு சொற்களும் அவளுக்குள் சுற்றின. அச்சகத்தில் என்றால் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் சரியானதை எழுதலாம். இங்கே ஓரம் இல்லை.

புதன்கிழமை டிரைவரின் மகள் லாக்கரிலிருந்த சால்வையை எடுத்துப்போக வந்தாள். எட்டாம் நாற்காலிக்கு முன் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நீங்கதான் பிரேக் அத்தையா?"

"அப்படியா சொல்லுவாரு?"

"தினமும். லேட்டா போடுறீங்கன்னு." மகள் சால்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "போன வருஷம் வீட்டுல ஆடட்டும்னு புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன் அத்தை. பெட்டியவே பிரிக்கல. வீட்டுல ரெண்டு கையும் சும்மாதானே இருக்குப்பான்னு கேட்டேன். ரெண்டு கையும் என்னோடதா இருந்தா யார்கிட்டம்மா சண்டை போடறதுன்னாரு."

ப்ரூஃப் அக்கா அந்தப் பெண்ணின் மணிக்கட்டை ஒருமுறை பிடித்துவிட்டு விட்டாள். அந்த ஒரு கைதான் இருந்தது.

மகள் போனதும் சிஸ்டர் சீட்டுகளோடு வந்தார். மீனுக்கு நாலு, ரேஸுக்கு நாலு, கட்டைக்கு இரண்டு. ஃபுட்பாலுக்கு எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். ரேஸுக்கு எழுதிய நால்வரில் மூவர் வெள்ளிக்கிழமையே எழுதிவைத்திருந்த காரணம் ஒன்றே: இவர்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்க்க. அதை மாற்றி எழுதித் தர அவர்களுக்கு மனம் வரவில்லை போலிருந்தது.

"நீங்க மட்டும்தான் பாக்கிக்கா. மீனுதானே? நானே எழுதிக்கிறேன்."

"குடுங்க."

இடது கையால், அச்சுக்குப் போகிற பக்கத்தில் எழுதுவதுபோல் நிதானமாக எழுதினாள். கறுப்புப் பெட்டி, கார் ரேஸ். காரணம்: இரண்டு பேர் வேண்டும்.

சிஸ்டர் வாசித்துவிட்டுத் தயங்கினார். "அக்கா, இத நீங்க தனியா ஆட முடியாதே."

"அதத்தான் எழுதியிருக்கேன்."

அடுத்த வாரம் ரேக் போய்விட்டது. வெள்ளைப் பெட்டி குழந்தைகள் வார்டுக்குப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த ஏரியை அவளுக்கு உண்மையாகவே பிடிக்கும். அதற்கு அடுத்த மூன்று வாரம் ட்ரேயும் கன்ட்ரோலரும் ஸ்டூலில் வெறுமனே இருந்தன. துடைக்கிறவர் தினமும் அதைத் தூக்கித் துடைத்து, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நான்காம் வாரம் ஏழாம் நாற்காலிக்கு ஒருவர் வந்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அவருக்கு அது முதல் நாள். இடது கையிலிருந்து குழாயில் ரத்தம் போவதையே பார்த்துக்கொண்டு, வலது கையால் நாற்காலியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார்.

அவள் ட்ரேயை அவர் பக்கம் அரையடி தள்ளினாள்.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க. இங்க பாருங்க. வண்டி ஓட்டத் தெரியுமா?"

"சைக்கிள்தான்மா."

"போதும். அந்தக் குச்சிய மட்டும் பிடிச்சுக்கங்க. மத்தது என் வேலை."

அவர் கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்து ஸ்டிக்கின்மேல் வைத்தார். கார் கிளம்பியது. துணிக்கடைக்காரம்மா தலையணையைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். முதல் வளைவு வந்தது. அவர் திருப்பத்தான் செய்தார், கொஞ்சம் கோணலாக. கார் போய்ச் சுவரில் மோதி நின்றது.

"பிரேக் போடலியாம்மா?" என்று பயந்தபடி கேட்டார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்," என்றாள். காரைப் பின்னுக்கு எடுத்துவிட்டு, "லேட்டா போட்டேன்," என்றாள்.